எங்க பசங்க, நம்ம டீம்: அடுகோடி ரசிகர் ஒருவரின் சொற்களும் பெங்களூரின் விளையாட்டு வரலாறும்

அடுகோடியில், ஓசூர் சாலையை ஒட்டிய தேநீர்க் கடையொன்றில் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு பெரியவரைச் சந்தித்து வருகிறேன். வயது எழுபதைக் கடந்தவர். மைக்கோ ஆலையில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்றவர். தம் பெயர் எங்கும் வரக் கூடாது என்று கேட்டுக்கொண்டதால் இக்கட்டுரையில் அவர் பெரியவராகவே வருகிறார். தொழிற்சங்க நினைவுகளைத் திரட்டுவதற்காகத்தான் அவரிடம் சென்றேன். அவரோ சங்கத்தைப் பற்றிப் பத்து நிமிடமும் பந்தைப் பற்றி மூன்று மணி நேரமும் பேசினார். ஆய்வுத் திட்டத்தில் இல்லாத அந்த மூன்று மணி நேரம்தான் பின்னர் எனக்குப் பயன்பட்டது.

முதல் சந்திப்பிலேயே ஒரு பிழை செய்தேன். கிரிக்கெட் பற்றிப் பேச்சு வந்தபோது, "உங்களுக்குச் சென்னை அணிதானே, ஐயா?" என்று கேட்டுவிட்டேன். தமிழர், ஆகவே மஞ்சள் சட்டை என்று நானே முடிவுகட்டிக்கொண்ட கேள்வி. அவர் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். "ஏன் தம்பி, நான் எந்த ஊர்க்காரன்னு நெனச்சீங்க?" என்றார். அன்றைய உரையாடல் அத்துடன் முடிந்தது. அவருடைய பாட்டனார் வட ஆற்காட்டிலிருந்து வந்தவர். தந்தை பிறந்தது ஆஸ்டின் டவுனில். இவர் சென்னையைப் பார்த்தது வாழ்நாளில் இரண்டே முறை, இரண்டும் திருமணத்திற்காக.

பதிவுகளைப் பின்னர் எழுத்தில் பெயர்த்தபோது ஒன்று புலப்பட்டது. தமிழில் தன்மைப் பன்மை இரண்டு வகை. கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும் 'நாம்', கேட்பவரை விலக்கும் 'நாங்கள்'. முன்னதை இலக்கணிகள் உளப்பாட்டுப் பன்மை என்பர். பெரியவர் இவ்விரண்டையும் ஒருபோதும் குழப்பவில்லை. ஆஸ்டின் டவுன், கௌதமபுரம், மர்பி டவுன் பகுதிகளின் பழைய ஆட்டக்காரர்களைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் 'எங்க பசங்க'. பெங்களூரு எஃப்சி அணியையோ ராயல் சேலஞ்சர்ஸ் அணியையோ குறிப்பிடும்போது 'நம்ம டீம்'. முதல் சொல்லில் நான் இல்லை. இரண்டாவதில் நானும் உண்டு, இவ்வூருக்கு வந்து நான்கே ஆண்டுகளான நானும். சொந்த ஊர் அணி என்பது இந்நகரத் தமிழருக்கு எப்போது, எவ்வாறு பொருள் மாறிற்று என்ற வினாவுக்கு இந்த இரு சொற்களையே சான்றாகக் கொண்டு சிலவற்றை எழுதிப் பார்க்கிறேன்.

பெங்களூர் கன்டோன்மென்ட் 1809இல் அமைந்தது. சென்னை ராணுவத்தின் படைப்பிரிவுகளோடு சிப்பாய்கள், சமையற்காரர்கள், கொத்தர்கள், ஒப்பந்தக்காரர்கள், தோல் வணிகர்கள் எனப் பல தரப்பினர் வந்து குடியேறினர். அவர்களில் தமிழர் பெருந்தொகையினர். மெட்ராஸ் சாப்பர்ஸ் படையின் தலைமையகம் 1830களிலிருந்தே இங்குதான். இப்பகுதி 1947இல்தான் மைசூர் அரசிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டது. 1949இல்தான் பழைய நகரத்தோடு ஒரே மாநகராட்சியாக இணைந்தது. ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டுகள் இரு நகரங்களாக இருந்த ஊர் இது. கால்பந்து அவ்விரண்டில் ஒன்றின் விளையாட்டு. படைமுகாம்களின் மைதானங்களில் வெள்ளையர் ஆடியதை வேலியோரம் நின்று பார்த்தவர்கள் பிறகு தாமும் ஆடினர், பெரும்பாலும் வெறுங்காலோடு.

இதன் முதல் பெரிய விளைவு பம்பாயில் வெளிப்பட்டது. ரோவர்ஸ் கோப்பை 1891இல் தொடங்கியது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அது ராணுவ அணிகளின் ஏகபோகம். 1937இல் கல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங்கை 1-0 என வென்று அக்கோப்பையைக் கைப்பற்றிய முதல் குடிமக்கள் அணி பெங்களூர் முஸ்லிம்ஸ். மறு ஆண்டு இறுதியில் ஆர்கைல் அண்ட் சதர்லேண்ட் ஹைலேண்டர்ஸ் என்ற பிரிட்டிஷ் படைப்பிரிவையும் 3-2 என வீழ்த்தியது. பெரியவர் இவ்வெற்றிகளின் ஆண்டுகளைப் பிழையின்றிச் சொன்னார், அவர் பிறப்பதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முந்தையவை ஆயினும். அணியின் பெயரில் ஒரு மதம் இருப்பது அவருக்கு ஒரு பொருட்டாகவே தோன்றவில்லை. அதுவும் 'எங்க பசங்க'தான். அவருடைய 'எங்க' மொழியால் வரையப்பட்டதன்று, தெருவால் வரையப்பட்டது என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். உருது பேசும் அகமது கான் அதற்குள் வந்தார். நகரின் மறுபுறமான மல்லேசுவரத்துத் தமிழ் அலுவலர்கள் வரவில்லை.

அகமது கான், தன்ராஜ், சாரங்கபாணி ராமன் ஆகியோர் 1948 லண்டன் ஒலிம்பிக் அணியில் இருந்த பெங்களூர்க்காரர்கள். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோலை அடித்தவர் ராமன், பிரான்சுக்கு எதிராக. இந்த ஆட்டத்தைப் பற்றிப் பெரியவர் சொன்ன கதையில் இந்தியா வென்றுவிடுகிறது. உண்மையில் கிடைத்த 2 பெனால்டிகளையும் வீணாக்கி, ஆட்டம் முடியும் தறுவாயில் ஒரு கோலை வாங்கி, 1-2 எனத் தோற்றது. வாய்மொழி வரலாறு பயிலும் மாணவர்களுக்கு அலெசாண்ட்ரோ போர்த்தெல்லியின் லூயிஜி திராஸ்துல்லி பற்றிய ஆய்வு நினைவுக்கு வரும். 1949இல் கொல்லப்பட்ட அந்த இத்தாலியத் தொழிலாளியின் சாவை ஊரார் 1953இன் ஆட்குறைப்புப் போராட்டத்திற்கு நகர்த்தி நினைவில் வைத்திருந்தனர். அந்தப் பிழையையே போர்த்தெல்லி சான்றாகக் கொண்டார். நம் பெரியவரின் பிழையும் அவ்வகையே. நான் திருத்தியபோது அவர் மறுக்கவில்லை. "கோல் போட்டது எங்க பையன். தோத்தது இந்தியா" என்றார். வரவு ஒரு கணக்கில், செலவு இன்னொரு கணக்கில்.

அவர் 'எங்க பையன்' என்று உரிமை கொண்டாடும் ராமனை ஆவணங்கள் மைசூர் ஆட்டக்காரர் என்று மட்டுமே குறிக்கின்றன. ஆட்டக்காரர் பட்டியல்களில் தாய்மொழிக்கென்று தனிக் கட்டம் கிடையாது. இது ஒரு குறையா, பேறா என்று இன்னும் என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

இந்த ஆட்டக்காரர்கள் ஊரில் தங்கவில்லை என்பது அடுத்த செய்தி. அகமது கான் 1949இல் கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்காலுக்குச் சென்று பத்தாண்டுகள் ஆடினார். தன்ராஜும் அவரும் அந்த அணியின் புகழ்பெற்ற 'பஞ்சபாண்டவர்' முன்வரிசையில் இருவர். 1962 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியிலிருந்த அருமைநாயகம் மோகன் பாகனின் நட்சத்திரம். பெங்களூரில் ஆடிப் பெயர் பெற்ற புங்கம் கண்ணனும் கல்கத்தாவுக்கே சென்றார். ஜெர்மானியப் பயிற்சியாளர் டெட்மார் கிராமர் அவரை ஆசியாவின் பெலே என்று அழைத்ததாகச் சொல்வர். ஊர் ஆட்டக்காரரை விளைவித்தது. பணமும் கூட்டமும் இருந்த நகரம் அறுவடை செய்தது. ஆனால் சந்தோஷ் கோப்பையில் மைசூர் மாநில அணி வங்காளத்தை எதிர்த்து நின்றது. 1946-47, 1952-53, 1967-68, 1968-69 என நான்கு முறை வென்றது. கடைசி வெற்றி பெங்களூரிலேயே கிடைத்தது. அப்போது பதின்வயதில் இருந்த பெரியவர் தம் அண்ணனோடு சென்று அந்த இறுதி ஆட்டத்தைப் பார்த்தாராம். வங்காள அணி தோற்றபோது அண்ணன் அழுததாகச் சொன்னார். மகிழ்ச்சியிலா என்று கேட்டேன். "அவனைக் கல்கத்தாவுக்கு யாரும் கூப்பிடல, அதனால" என்றார்.

கௌதமபுரத்தைச் சொல்லாமல் இதைக் கடக்க முடியாது. அல்சூரை அடுத்த அந்தச் சிறு குடியிருப்பு, பெரும்பாலும் தமிழ் பேசும் தலித் மக்கள் வாழ்வது. தலைமுறை தலைமுறையாக மாநில, தேசிய ஆட்டக்காரர்களைத் தந்தது. அங்கே அம்பேத்கர், புத்தர், அன்னை தெரசா சிலைகளோடு பெலேவுக்கும் ஒரு சிலை உண்டு. இதை வேடிக்கைச் செய்தியாகப் பத்திரிகைகள் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை, உலகக் கோப்பையின்போது மட்டும் எழுதும். சாதியின் வரலாற்றை அறிந்தவர்க்கு அந்த நால்வரின் அண்மை வேடிக்கையாகத் தோன்றாது. கறுப்பு நிறத்தவன் ஒருவன், வறுமையிலிருந்து எழுந்தவன், உலகம் முழுவதும் அரசன் என்று அழைக்கப்படுகிறான். அதைப் புரிந்துகொள்ளக் கௌதமபுரத்து மக்களுக்கு விளக்கவுரை தேவைப்பட்டிருக்காது.

பந்து அங்கே சோறும் போட்டது. ஹெச்ஏஎல் 1940இல் தொடங்கப்பட்டது, ஐடிஐ 1948இல், மைக்கோ 1951இல், ஹெச்எம்டி 1953இல், பெல் 1954இல். பொதுத்துறை நிறுவனங்களுக்கு அணிகள் இருந்தன. அணிகளுக்கு ஆட்கள் தேவைப்பட்டனர். பள்ளியிறுதியைத் தாண்டாத இளைஞன் ஒருவனுக்கு இடப்பக்கம் நன்றாக ஓடத் தெரிந்தால் ஓய்வூதியத்தோடு கூடிய வேலை கிடைத்தது. நம் வரலாற்றாசிரியர்கள் விளையாட்டு ஒதுக்கீட்டைப் போதிய அளவு ஆராயவில்லை என்பது என் கருத்து. அடையாளங்கள் மோதிய ஒரு நகரத்தில் விண்ணப்பப் படிவத்தின் பிற கட்டங்களைத் தாண்டி உள்ளே செல்ல ஒரு வழி இருந்தது என்றால், அது தொழிலாளர் வரலாற்றின் ஓர் அதிகாரமாக வேண்டும். ஹெச்ஏஎல்லும் ஐடிஐயும் மோதினால் அசோக்நகரில் உள்ள கால்பந்து அரங்கிற்குத் தம் ஆலையிலிருந்து இரண்டாம் ஷிஃப்ட் ஆட்கள் விடுப்பெடுத்துச் செல்வார்கள் என்றார் பெரியவர். இரு அணிகளிலும் தெரிந்த முகங்கள். ஒருவன் பக்கத்து வீடு, இன்னொருவன் மைத்துனன்.

1991 டிசம்பர் இந்தக் கதையில் பந்து இல்லாத பகுதி. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை அரசிதழில் வெளியானதையடுத்துப் பெங்களூரில் தமிழர் வாழும் பகுதிகள் தாக்கப்பட்டன; உயிர்கள் போயின; பல குடும்பங்கள் ஓசூரைத் தாண்டிச் சென்றன. பெரியவர் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. ஒன்று மட்டும் சொன்னார். அந்த வாரத்தில் ஒரு நாள் வழிமறித்த சிலர் அவரிடம் கேட்ட கேள்வி, "உன் ஊர் எது?" நான் முதல் நாள் தேநீர்க் கடையில் என்ன கேட்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அதன்பின் ஆலை அணிகள் தேயத் தொடங்கின. புதிதாக ஆளெடுப்பு இல்லாத நிறுவனத்தில் புதிய இடப்பக்க ஆட்டக்காரன் எப்படி வருவான்? தேசிய லீகில் ஆடிய ஐடிஐ மறைந்தது. ஹெச்ஏஎல் ஐ-லீகில் கடைசியாக ஆடியது 2011-12இல். மறு ஆண்டு அந்த லீகில் பெங்களூர் அணியே இல்லை. இதனிடையே 2008இல் ஐபிஎல் வந்திருந்தது. பெங்களூர் அணியை 11.16 கோடி டாலருக்கு வாங்கிய மதுபான அதிபர் விஜய் மல்லையா, தம் விஸ்கியின் பெயரை ஒட்டி அதற்குப் பெயரிட்டார். அதே குழுமம் 1998இலிருந்து மோகன் பாகன், ஈஸ்ட் பெங்கால் இரண்டின் பெயர்களுக்கு முன்னும் தன் சரக்குகளின் பெயர்களை ஒட்டியிருந்தது. பெங்களூர் ஆட்டக்காரர்கள் சென்ற திசையிலேயே பெங்களூர்ப் பணமும் சென்றது என்பதைப் பெரியவர் கசப்பின்றி, ஒரு சிரிப்போடு சுட்டிக்காட்டினார்.

2013 ஜூலையில் ஜேஎஸ்டபிள்யூ நிறுவனம் பெங்களூரு எஃப்சியைத் தொடங்கியது. நகரின் பெயர் அரசாணைப்படி 'பெங்களூரு' ஆனது 2014 நவம்பர் 1இல்தான். அணி அதற்கு முன்பே அப்பெயரைச் சூடிக்கொண்டது. கிரிக்கெட் அணி 2024இல்தான் மாற்றிக்கொண்டது. முதல் ஆண்டில் கால்பந்து அணி பழைய அசோக்நகர் அரங்கில் ஆடியது. அதன் மேற்குப் பகுதி இருக்கைகளில் திரண்ட ரசிகர்கள் இன்றும் 'வெஸ்ட் பிளாக் புளூஸ்' என்ற பெயரில் இயங்குகின்றனர். 2014 ஏப்ரலில், அறிமுகப் பருவத்திலேயே, ஐ-லீக் பட்டம். பெரியவர் அந்தப் பருவத்தின் பெரும்பாலான ஆட்டங்களுக்குச் சென்றார். அவருடைய குறை ஒன்றே: "பதினோரு பேர்ல நம்ம தெரு மொகம் ஒண்ணாவது வேணாமா?" கவனியுங்கள், இங்கே தெருவும் 'நம்ம' ஆகிவிட்டது.

இந்தக் குறையில் நியாயம் உண்டு. 2025 ஜூன் 3 அன்று அகமதாபாத்தில் பதினெட்டு ஆண்டுக் காத்திருப்புக்குப் பிறகு ராயல் சேலஞ்சர்ஸ் கோப்பையை வென்றபோது, ஆடிய அணியில் கர்நாடகத்தைச் சேர்ந்தவர் மயங்க் அகர்வால் ஒருவரே. அவரும் காயமுற்ற தேவ்தத் படிக்கலுக்கு மாற்றாக வந்தவர். ஆயினும் இந்த வாதத்தை நான் முழுமையாக ஏற்கவில்லை, அவரிடமே சொன்னேன். 2023 மார்ச்சில் ரியாத்தில் மேகாலயத்தை 3-2 என வென்று 54 ஆண்டுகளுக்குப் பின் கர்நாடகம் சந்தோஷ் கோப்பையைப் பெற்றது. கோல் அடித்த மூவர் சுனில் குமார், பெக்கே ஓராம், ராபின் யாதவ். இப்பெயர்களைக் கேட்டதும் "யாரு இவங்க, எந்த ஊரு?" என்றார் பெரியவர். சொல்லி முடித்ததும் தாமே நிறுத்திக்கொண்டார். வட ஆற்காட்டிலிருந்து வந்த ஒருவரின் பேரன் கேட்கும் கேள்வி அது என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தெரிந்த முகங்களற்ற அணி, இந்நகரத் தமிழருக்கு வேறொன்றைக் கொடுத்தது என்றே கருதுகிறேன். 2016 செப்டம்பர் 12 அன்று காவிரியை முன்வைத்து மீண்டும் வன்முறை வெடித்தது. தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகளும் லாரிகளும் எரிக்கப்பட்டன. பல காவல் எல்லைகளில் ஊரடங்கு. இரண்டே நாள் கழித்து, 14ஆம் தேதி, கண்டீரவா அரங்கில் ஏஎஃப்சி கோப்பைக் காலிறுதி. சிங்கப்பூரின் டாம்பைன்ஸ் ரோவர்ஸுக்கு எதிராகப் பெங்களூரு 1-0 என வென்றது. கோல் அடித்தவர் கேரளத்தின் சி. கே. வினீத். பெரியவரை வீட்டில் வெளியே விடவில்லை. தொலைக்காட்சியில் பார்த்தார். நீலச் சட்டையை அணிந்துகொண்டு, கதவைத் தாழிட்டுக்கொண்டு. அவ்வாண்டு அந்த அணி இக்கோப்பையின் இறுதிக்குச் சென்ற முதல் இந்திய அணியாயிற்று. எல்லோரும் வெளியூரார் என்பதால் எவரிடமும் ஊர் கேட்க முடியாத அணி அது. அந்தச் சட்டையை அணிவதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியிருக்கவில்லை. கடையில் விலை கொடுத்தால் போதும். சந்தை தந்த உரிமை என்று இதை எள்ளலாம். 1991ஐக் கடந்தவர்களுக்கு அந்த எள்ளல் அவ்வளவு எளிதன்று.

கிரிக்கெட்டில் நிலைமை இன்னும் சிக்கலானது. 2018 ஏப்ரலில் காவிரி மேலாண்மை வாரியம் கோரிய போராட்டங்களால் சென்னையில் நடக்கவிருந்த சூப்பர் கிங்ஸ் ஆட்டங்கள் புனேவுக்கு மாற்றப்பட்டன. அதே மாதம் 25ஆம் தேதி அதே அணி பெங்களூர் சின்னசாமி அரங்கில் ஆடி, 206 ரன் இலக்கை எட்டி வென்றது. தோனி ஆட்டமிழக்காமல் 70. தமிழ்நாட்டின் தலைநகரில் ஆட முடியாத அணி கர்நாடகத்தின் தலைநகரில் ஆடியது. அரங்கில் மஞ்சள் நிறம் திரண்டிருந்தது. அதில் எத்தனை பேர் உள்ளூர்த் தமிழர், எத்தனை பேர் தோனியின் எங்கும் நிறைந்த அன்பர்கள் என்று பிரிக்க வழியில்லை. பெரியவரின் பேரன் அன்று மஞ்சள் அணிந்தான். இவர் சிவப்பு. வீட்டில் இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லையாம்.

ராயல் சேலஞ்சர்ஸ் ரசிகரின் முழக்கம் கன்னடம்: 'ஈ ஸல கப் நம்தே'. பெரியவர் அதை உரக்கச் சொல்வார், அடுகோடித் தமிழரின் உச்சரிப்பில். 'நம்தே' என்பதற்கும் நம் 'நமதே'க்கும் இடையே உள்ள தொலைவு மிகக் குறைவு. ஆனால் இன்றைய கன்னடத்தில் நாம், நாங்கள் என்ற வேறுபாடு இல்லை. 'நாவு' என்ற ஒரே சொல் இரண்டையும் சுமக்கிறது. கன்னடர் ஒருவர் 'நம்தே' என்று கூவும்போது பக்கத்தில் நிற்கும் தமிழரை அதில் சேர்க்கிறாரா, விலக்குகிறாரா என்று இலக்கணம் சொல்லாது. தமிழரின் காதில் மட்டும் அது சேர்த்துக்கொள்ளும் சொல்லாகவே விழும். பெரியவரிடம் இதை விளக்கினேன். "அப்போ அவங்க சொல்றது அவங்களுக்கே தெரியாதுன்னு சொல்லு" என்று சிரித்தார்.

கோப்பை வந்த மறுநாள், 2025 ஜூன் 4, சின்னசாமி அரங்கின் வெளியே வெற்றி விழாவுக்குத் திரண்ட கூட்ட நெரிசலில் 11 பேர் இறந்தனர். பெரும்பாலோர் இளைஞர்கள். நான் அடுகோடிக்குச் சென்றது அடுத்த வாரம். கடையில் செய்தித்தாள் மடித்து வைக்கப்பட்டிருந்தது. பெரியவர் இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்திருந்தார். அவருடைய தெருவைச் சேர்ந்தவர் அதில் யாரும் இல்லை. பதிவுக் கருவியை நான் எடுக்கவில்லை. நினைவிலிருந்து குறித்துக்கொண்டதே இது: விழா எடுத்த அணியை அவர் அன்று 'அவங்க' என்றார். இறந்த பதினொருவரை, 'எங்க பிள்ளைங்க'.